எல்லாருக்கும் பன்னிரண்டு

சன்னல் ஓரத்தில் தாங்களே அமருங்கள். எனக்கு எதிர்காற்று ஒத்துக்கொள்வதில்லை. மேலும், இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் பேருந்தின் முன்பகுதி தெரியும். அங்கே, இரண்டாவது இருக்கையில், மடியில் எவர்சில்வர் டப்பாவை வைத்துக்கொண்டு ஓர் அம்மையார் அமர்ந்திருக்கிறாரே, அவள் என் மனைவி. ஆவுடையம்மாள். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால் என்பது இந்த நகரப் பேருந்துகளின் ஒழுங்கு. அவளுக்குக் கட்டணமில்லை, எனக்கு உண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

தாங்கள் எங்கே இறங்க வேண்டும்? ரெட்டியார்பட்டியா. நல்லது. நாங்கள் அதற்கு முந்தைய நிறுத்தம், என்.ஜி.ஓ. காலனி. என்னிடம் ஒரு குறை உண்டு. அருகில் யார் அமர்ந்தாலும் பேசத் தொடங்கிவிடுவேன். தொடங்கினால் நிறுத்தம் வருவது தெரியாது. ஆகவே பெருமாள்புரம் தாண்டியதும் அவள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். அழைக்கமாட்டாள், கை காட்டமாட்டாள், வெறும் பார்வைதான். நான் எழுந்துகொள்வேன். பல ஆண்டுகளாக இதுவே எங்கள் ஏற்பாடு. இன்றைக்கும் பார்ப்பாள். பார்க்காமல் இருக்கமாட்டாள்.

என் பெயர் சங்கரபாகம். நான் பேசுகிற தமிழைக் கேட்டு என்னை ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று தாங்கள் எண்ணியிருக்கலாம். பலர் அப்படி எண்ணியிருக்கிறார்கள். இல்லை. எட்டாம் வகுப்பு. லாரி பார்சல் அலுவலகத்தில் பதிவு எழுதி ஓய்வு பெற்றவன். பொட்டலங்களைச் சுற்றி வந்த பழைய இதழ்களைப் பிரித்துப் படித்தேன்; பிறகு நூலகம். அச்சில் இருப்பதுபோல் பேசவேண்டும் என்று இளமையிலேயே தீர்மானித்தேன். இன்றுவரை வழுவவில்லை. "அண்ணாச்சி பேசுனா கமா, புள்ளியெல்லாம் தனியாக் கேக்கும்" என்பான் மாடிவீட்டு ஜெபசிங்.

ஜெபசிங்கைச் சொல்லாமல் இது நகராது. பெங்களூரில் கணினி வேலை; வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனதும் ஊருக்கு வந்துவிட்டான். ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அண்ணாச்சி, பூமிக்கடியில ரூம் ரூமா இருக்கும், உள்ள பூதம் கெடக்கும். அதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்றான். நிலவறை என்றேன். மறுநாள் வேறொரு சொல் கேட்டான். அதற்கு மறுநாள் இன்னொன்று. விசாரித்தபோதுதான், அது ஒரு விளையாட்டு என்று தெரிந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவது. ஆனால் காய்கள் கிடையாது, கட்டங்கள் கிடையாது. ஒருவர் தலைவர். அவர் ஓர் உலகத்தைச் சொல்லுவார். மற்றவர்கள் அந்த உலகத்துக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவார்கள். மதிலேறிக் குதிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், குதித்தாரா, காலை உடைத்துக்கொண்டாரா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இருபது முகங்கள் கொண்ட பகடை. தலைவர் செயலின் கடுமைக்குத் தக்கவாறு ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வார். எளியதற்கு எட்டு, நடுத்தரத்துக்குப் பன்னிரண்டு, கடினமானதற்குப் பதினாறு. உருளும் பகடை அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வெற்றி. இல்லையேல் விழவேண்டியதுதான்.

ஆக, அந்த விளையாட்டின் நியாயம் முழுவதும் தலைவர் வைக்கிற எண்ணில் இருக்கிறது. எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் காலனியில் பொங்கலுக்கு உறியடி நடக்கும். கயிறு இழுப்பவன் நான். தாங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கம்போடு வருகிறவன் பானையை உடைப்பதும் காற்றை அடிப்பதும் கயிறு பிடித்தவன் கையில் இருக்கிறது. சிறு பிள்ளை வந்தால் சற்றுத் தாழ்த்துவேன். திமிரோடு வருகிறவனுக்கு ஏற்றுவேன். ஓர் ஆண்டு பெண்களுக்கும் வைத்தார்கள். ஆவுடையும் பெயர் கொடுத்தாள். கண்ணைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிட்ட பிறகும் நேராகப் பானைக்குக் கீழே வந்து நின்றாள். அப்படி ஒரு திசையறிவு அவளுக்கு. கம்பை ஓங்கினாள். நான் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினேன். பானை பந்தல் உயரத்துக்குப் போய்விட்டது. அவள் அடித்த வேகத்தில் சுழன்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலனியே சிரித்தது. நான் அப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். "சொந்தப் பொண்டாட்டின்னு கூடப் பாக்கலையே, மனுசன்" என்று பலர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நியாயத்தைப் பற்றி நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன் என்பதற்காகச் சொன்னேன்.

ஞாயிறு பிற்பகல்தோறும் ஆட்டம். இடம், பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அறை; ஜெபசிங்கின் மாமாவுடையது. தொடக்கத்தில் ஜெபசிங்தான் தலைவர். அவன் வருணனை எப்படி இருக்கும் என்கிறீர்கள்? "முன்னாடி ஒரு கேட்டு. செம ஹைட்டு." இதை எத்தனை வாரம் பொறுத்துக்கொள்ள முடியும்? நான் ஒருநாள் அந்தக் கதவை எப்படிச் சொல்லியிருக்கவேண்டும் என்று சொல்லிக் காட்டினேன். அடுத்த வாரமே தலைமை என்னிடம் வந்துவிட்டது. பழைய நாள்காட்டி அட்டைகளை ஒட்டி ஒரு மறைப்புச் செய்து முன்னால் நிறுத்திக்கொண்டேன். எண்ணை நான் வெளியில் சொல்வதில்லை. "நம்பரைச் சொல்லிட்டு உருட்டச் சொல்லுவோமா அண்ணாச்சி? மத்த இடத்துல அப்படியும் ஆடுதாங்க" என்று ஜெபசிங் கேட்டான். சொன்னால் சுவை போய்விடும் தம்பி என்றேன். சரி என்று விட்டுவிட்டான். என்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆவுடை முதலில் ஆட வரவில்லை. ஃபிளாஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு என்னோடு வருவாள், சுவரோரம் அமர்ந்திருப்பாள், ஆட்டம் முடிந்ததும் என்னோடு திரும்புவாள். அவளை மேசைக்கு அழைத்தவள் ஹமீதா. எங்களோடு ஆடுகிறவள்; பள்ளியில் வேதியியல் கற்பிக்கிற பெண். "மதினி, ஏன் ஓரமா உக்காந்திருக்கீய? ஒரு ஆளு கொறையுது, வாங்க" என்றாள். எனக்கென்ன தெரியும் என்று ஆவுடை மறுத்துவிடுவாள் என எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, "நான் பூட்டுத் திறக்கிறவ" என்றாள்.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்.

"திருடியா மதினி? அம்சமா இருக்கு. பேரு என்ன வைக்கீய?" என்றான் ஜெபசிங்.

"திருடிக்குப் பேரு வச்சா போலீசுக்குல்லா வசதி."

அன்றைக்கே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நான் தலைமை ஏற்கிற மேசையில் என் மனைவி. ஒரு பூட்டு அவளுக்கு எளிதில் திறந்தால் போதும். வீட்டு ஆளுக்கு ஒரு நியாயம், வெளி ஆளுக்கு ஒரு நியாயம் என்று எவருடைய மனத்திலாவது தோன்றிவிடும். ஆகவே நான் எனக்குள் ஒரு விதி வகுத்துக்கொண்டேன். அவளுக்கு மட்டும் மூன்று கூட. எட்டு என்றால் பதினொன்று. பன்னிரண்டு என்றால் பதினைந்து. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது என் நேர்மைக்கு நானே செய்துகொள்கிற விளம்பரமாகியிருக்கும். தாங்களே சொல்லுங்கள், ஒரு பொறுப்பில் இருக்கிறவன் தன் வீட்டாரை... சரி, வேண்டாம். சொல்லவேண்டாம்.

பூட்டுகள் திறக்கவில்லை. எப்போதாவது ஒன்று திறக்கும், பெரும்பாலும் இல்லை. "மதினிக்குப் பூட்டு ராசியில்ல. பேசாம கோயில் வாசல்ல செருப்புத் திருடுங்க" என்று ஜெபசிங் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள். "பூட்டு என்ன செய்யும், கை பழகணும்லா" என்பாள். ஒருநாள் காலையில் அடுக்களைப் பக்கம் போனேன். கடுகு டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஹமீதா கொடுத்திருந்த பகடையை அதில் உருட்டிக்கொண்டிருந்தாள். உருட்டுவாள், பார்ப்பாள், எடுப்பாள், மறுபடி உருட்டுவாள். பகடைக்குப் பயிற்சி என்று ஒன்று கிடையாது, அது தற்செயல் என்று நான் விளக்கினேன். "அப்படியா" என்றாள். நான் கூடத்துக்குத் திரும்பிய பிறகு, மறுபடியும் அந்த மூடிச் சத்தம் காதில் விழுந்தது.

போகட்டும். பேருந்து எங்கே இருக்கிறது? மருத்துவமனை நிறுத்தமா? இன்னும் நேரமிருக்கிறது.

நான் நடத்திய கதையில் ஒரு கோட்டை முற்றுகையில் இருந்தது. உள்ளே சனங்கள் பட்டினி. கோட்டைக்குள்ளேயே ஒரு நெற்களஞ்சியம். அதன் கதவுக்குச் சாவி இல்லை. அந்தக் கதவு திறந்தால் ஊர் பிழைக்கும். அதை நான் அறிவித்ததும் ஆவுடை மேசையில் கையூன்றிச் சொன்னாள்: "இந்தக் கதவை நாந்தான் திறப்பேன். வேற யாரும் கை வைக்கப்படாது." எங்கள் மணவாழ்வில் இது எனக்கு வேண்டும் என்று அவள் இவ்வளவு வெளிப்படையாக எதையும் கேட்டதில்லை. களஞ்சியத்தை அடையவே சில வாரங்கள் ஆயின. சென்ற ஞாயிறு அதன் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அன்று அவள் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்து எடுத்துவந்திருந்தாள். அதோ அந்த டப்பாதான். "கதவு திறந்த பொறவுதான் இதைத் திறப்பேன்" என்று சொல்லி மேசை நடுவில் வைத்தாள்.

நடுத்தரமான கதவுதான். மனத்தில் பன்னிரண்டு. அவளுக்குப் பதினைந்து.

பகடையைக் கைக்குள் வைத்து வெகுநேரம் குலுக்கினாள். விழுந்தது பதினான்கு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதவு அசையவில்லை என்று நான் சொன்னேன்.

"அட, இதுக்கும் பத்தலையா. பாறாங்கல்லுலயா செஞ்சு வச்சிருக்காங்க" என்றாள் ஹமீதா. அவளுடைய பாத்திரம் ஒரு வைத்தியச்சி. பூட்டுக்கும் அவளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. "மதினி, தப்பா நெனைக்காதீய. நான் சும்மா ஒரு தள்ளுத் தள்ளிப் பாக்கேன்." ஆவுடை பகடையை அவள் பக்கம் நகர்த்தினாள். ஹமீதா உருட்டினாள். பன்னிரண்டு.

ஐயா, அந்தக் கதவு திறக்கிற வருணனையை நான் ஒரு வாரமாக மனத்தில் செதுக்கி வைத்திருந்தேன். பன்னிரண்டு என்று கண்டதும் வாய் தானாகத் தொடங்கிவிட்டது. துருவேறிய கீல்கள் முனகின. பல்லாண்டு பூட்டிக்கிடந்த இருள் வெளியே வந்தது. அதன் பின்னால் நெல்லின் மணம் ஓர் ஊரையே தட்டியெழுப்பும்படி எழுந்தது. நல்ல வாக்கியங்கள். முடிக்கும்போதுதான் கவனித்தேன், யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"அண்ணாச்சி" என்றான் ஜெபசிங். "மதினி போட்டது பதினாலு."

ஆம் என்றேன்.

"இவ போட்டது பன்னெண்டு."

அப்போது நான் ஒரு பொய் சொன்னேன். முதல் முயற்சியிலேயே பூட்டு தளர்ந்துவிட்டது, ஆகவே இரண்டாமவருக்கு எளிதாயிற்று என்றேன். அதையும் அழகான வாக்கியமாகத்தான் சொன்னேன்.

ஆவுடை என்னைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்துக்கொண்டு, "ஓ. நான் தளத்திவிட்டேன், அவ திறந்துட்டா. சரிதான்" என்றாள். மூடியைத் திறக்காமலே டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மதினி, நீங்களே திறந்ததா வச்சுக்கிடுவோம். இன்னொருக்க உருட்டுங்க" என்று ஹமீதா கெஞ்சினாள்.

"திறந்த கதவை எப்பிடிம்மா திறக்க?"

ஜெபசிங் நாள்காட்டி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லா வாரமும் இப்படித்தானா அண்ணாச்சி?" என்றான். இனி மறைப்பது அழகல்ல என்று என் விதியை விளக்கினேன். மூன்று கூட்டுவதையும், அதன் காரணத்தையும், நடுநிலை என்பது தன் வீட்டிலிருந்தே தொடங்கவேண்டும் என்பதையும் முறையாக எடுத்துரைத்தேன். உண்மையைச் சொன்னால், கேட்டு முடித்ததும் அவர்கள் மனம் மாறும் என்றே எண்ணினேன். உறியடியன்று கை குலுக்கினார்களே, அப்படி. ஹமீதா மட்டும் மெல்லச் சொன்னாள்: "எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்போம்லா."

எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன வெட்கம் என்றால், ஒரே கதவுக்கு இரண்டு எண் வைத்துவிட்டு அதைக் காப்பாற்றத் தெரியாமல் மாட்டிக்கொண்டேனே என்று. ஹமீதாவுக்கும் கதவு திறக்கவில்லை என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்று இந்தப் பேருந்தில் வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கும் அவள் திரும்பிப் பார்த்தாள், தெரியுமா. பெருமாள்புரம் தாண்டியதும் வழக்கம்போலத் திரும்பினாள். நான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது கேட்டாள். "அந்த உறியடில கயிறை இழுத்தியளே. அதுவும் இதுதானா?"

சனங்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள் ஆவுடை என்றேன்.

"சனம் ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல. நீங்கதான் சொல்லிக்கிட்டிருந்திய."

அவ்வளவுதான். உள்ளே போய் உலை வைத்தாள். வாரம் முழுதும் சமைத்தாள், துவைத்தாள், நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள். கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். உண்மையிலேயே கோபம் இல்லை என்றுதான் தோன்றியது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

இன்றைக்கு மேலே ஏறியதுமே ஜெபசிங் சொன்னான்: "இன்னைக்கு மதினிதான் மாஸ்டர். நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்." நான் மறுக்கவில்லை. என் நாற்காலியில் அவள் அமர்ந்தாள். நாள்காட்டி மறைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இது எதுக்கு, மூஞ்சி தெரியாம?" என்று மடக்கி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டாள். நான் மற்றவர்களோடு இந்தப் பக்கம் அமர்ந்தேன். எனக்கும் ஒரு பாத்திரம் வேண்டுமல்லவா. அரசவைப் புலவர் ஒருவரை உருவாக்கியிருந்தேன். பெயர் சற்று நீளம். "இவரைக் கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள எதிரி வந்துருவான்" என்றான் ஜெபசிங்.

அவள் கதை சொன்ன விதத்தைக் கேளுங்கள். "ஒரு ஆறு. தண்ணி கூட. அந்தாண்ட போகணும்." முடிந்தது. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "பன்னெண்டு" என்றாள். "எல்லாருக்கும் பன்னெண்டு."

முதல் முறை என்னுடையது. என் புலவர் ஆற்றில் இறங்குவதை நான் விரித்துரைத்தேன். நீரின் குளிர்ச்சி, கரையில் ஒதுங்கிய நாணல், அவர் மேலாடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டது. அவள் குறுக்கிடவில்லை. முழுவதும் கேட்டாள். "சொல்லியாச்சா? உருட்டுங்க."

உருட்டினேன். பதினொன்று.

இனி நான் சொல்லப்போவதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இதைத்தான் யாரிடமாவது சொல்லவேண்டும் என்று பேருந்தில் ஏறியதிலிருந்து தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினொன்று என்று கண்டதும் நான் தலையை உயர்த்தி அவளைப் பார்த்தேன். ஒன்றுதானே குறைகிறது. என் மனைவிதானே. விட்டுவிடுவாள் என்று பார்த்தேன். அந்தப் பார்வையில் கூச்சம்கூட இல்லை, ஐயா. கடைக்காரரிடம் சில்லறைக்குக் கை நீட்டுகிறவன் போலப் பார்த்தேன்.

"பதினொண்ணு" என்றாள். "ஆறு இழுத்துட்டுப் போவுது." பகடையை ஹமீதா பக்கம் தள்ளினாள்.

"அண்ணாச்சியப் பிடிங்கப்பா யாராவது" என்று ஜெபசிங் சிரித்தான். ஹமீதாவின் வைத்தியச்சி கயிறு வீசி என்னை இழுத்துப் போட்டாள். அவளுக்குப் பகடை நன்றாக விழுந்தது. நான் கரையில் கிடந்தேன். ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தப் பதினொன்றிலேயே இருந்தேன்.

அவள் எனக்கு என்ன எண் வைத்திருந்தாள், இத்தனை காலமும்? காப்பியில் சர்க்கரை குறைந்தால் பேசாமல் கோப்பையை நகர்த்தி வைப்பேன். பேசாமல் எடுத்துப்போய்ச் சேர்த்துக்கொண்டு வருவாள். ஆறு மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு ஒன்பதுக்கு வருவேன். ஏன் என்று கேட்டதில்லை. அந்த உறியடியன்று இரவு, கயிறு இழுத்துத் தோள் வலிக்கிறது என்று நான் முனகினேன். அவள் தைலம் எடுத்துவந்து தேய்த்துவிட்டாள். தரையில் விழுந்தவள் அவள். தோள் வலித்தது எனக்கு. இரண்டு விழுந்தாலும், ஒன்று விழுந்தாலும் எனக்குக் கதவு திறந்துகொண்டேயிருந்தது. திறந்ததெல்லாம் என் திறமை என்றிருந்தேன்.

ஆட்டம் முடிந்ததும் டப்பாவைத் திறந்தாள். முந்திரிக்கொத்து ஒரு வாரம் தாங்கும். ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். எனக்கும் ஒன்று. கூடவுமில்லை, குறையவுமில்லை. நான் அதை மென்றுகொண்டிருந்தபோது, என்னை மன்னித்துவிட்டாள் என்று ஒரு கணம் நினைத்தேன். பாருங்கள், உடனே அப்படித்தான் நினைக்கத் தோன்றுகிறது.

பெருமாள்புரமா? தாண்டிவிட்டதா, எப்போது? தாங்கள் சொல்லியிருக்கலாமே. இல்லை, தங்கள்மேல் குற்றமில்லை. என் கண் முன்பக்கம்தான் இருந்தது, அவள் திரும்பவில்லை. டப்பாவைப் பிடித்திருக்கிற கை தெரிகிறது. கொண்டை தெரிகிறது. அந்த வளைவில் திரும்புவாள்.

எழுந்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்பக்கம் போகிறாள். வண்டி நிற்கட்டும் என்று பார்க்கிறாள் போலும். நின்றதும் திரும்புவாள். எத்தனை பேர் ஏறுகிறார்கள், பார்த்தீர்களா. ஞாயிற்றுக்கிழமை என்றாலே இப்படித்தான்.

இறங்கிவிட்டாள்.

தாங்கள் சற்றுச் சாய்ந்துகொள்ளுங்கள், சன்னல் வழியாகப் பார்க்கிறேன். போகவில்லை. நேராகப் பின்வாசலுக்கு எதிரே வந்து நிற்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் இறங்குவேன் என்று நிற்கிறாள்.

விசில் கொடுத்துவிட்டார். ஐயா, நடத்துநரே, ஒருவர் இறங்க வேண்டும்.

"ஏன் பெரியவரே, அவ்வளவு நேரம் நின்னுச்சுல்லா. கூட்டம் ஏறுத வரைக்கும் என்ன செஞ்சுக்கிட்டிருந்தீரு? இனி ரெட்டியார்பட்டிதான்."

அவர் சொல்வது சரி. எழுந்து நான்கு அடி வைத்திருந்தால் போதும். பகடையில் எட்டுகூட விழவேண்டியதில்லை, ஐயா. கயிற்றை யாரும் இழுக்கவில்லை.

தங்களோடு இறங்கி, வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். நல்ல தூரம். அவள் அங்கேயே நிற்கிறாளா, வீட்டுக்குப் போய்விட்டாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று வாயால் சொல்கிறேன். நிற்பாள் என்றுதான் உள்ளுக்குள் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.